கறுவாத்தோட்டத்தை நடந்து பார்ப்பது எப்படி: கொழும்பு 7க்குப் புதிதாக வருபவர்களுக்கு

கொழும்புக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருபவர்கள் முதல் மாதத்திலேயே காலிமுகத்திடலில் காற்று வாங்கிவிடுவார்கள். புறக்கோட்டை நெரிசலில் ஒருமுறை வழி தவறியும் இருப்பார்கள். கறுவாத்தோட்டம் என்கிற கொழும்பு 7 மட்டும் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடும் நிழலாகவே இருந்துவிடும். பெரிய மரங்கள், நீளமான மதில், ஒரு காவல் கூண்டு, மறுபடியும் மதில். பணக்காரர் வீட்டு மதிலைப் பார்க்க ஏன் மெனக்கெட வேண்டும் என்று நானும் பல வருடம் 138ஆம் இலக்க பஸ்ஸில் அதைக் கடந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் பஸ் பழுதாகிப் பொது நூலகத்தடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மிச்சத் தூரத்தை நடந்தபோதுதான் எவ்வளவைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து வருகிற தம்பி, தங்கைமாரையெல்லாம் இந்தப் பக்கம் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: வாசல் கேற்றுக்கும் வீட்டு விறாந்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்கப் பழகினால் இந்தப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பிக்கும்.

கீழே உள்ள நடை மொத்தம் ஐந்து, ஆறு கிலோமீட்டர். நின்று நின்று போனால் அரை நாள் பிடிக்கும்.

முதலில் கொஞ்சம் பின்கதை

ஒல்லாந்தர் காலத்தின் பெரும்பகுதியில் கறுவா காட்டு மரத்திலிருந்துதான் உரிக்கப்பட்டது. 1769இல் ஆளுநர் இமான் வில்லெம் ஃபால்க் மருதானைப் பக்கம் அதைத் தோட்டப் பயிராக நட்டுப் பார்த்தார். பயிர் பிடித்துக்கொண்டது. கோட்டைக்கு வெளியே நிலம் முழுக்கக் கறுவாப் புதர் ஆனது அப்படித்தான். ஆங்கிலேயர் வந்த பிறகும் கறுவா வியாபாரம் அரசின் தனியுரிமையாகவே இருந்தது. 1833இல் அது நீங்கியது. காலப்போக்கில் கறுவாவின் மவுசும் குறைந்தது, தோட்டம் துண்டு துண்டாக வீட்டு நிலமாக மாறியது.

அதுவரை வசதியானவர்கள் குடியிருந்தது முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கம். கடற்காற்று வரும் மேட்டு நிலம். 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதாங்கி 1885இல் முடிந்து துறைமுகம் பெருத்ததும் அந்தப் பக்கம் நிலக்கரித் தூசும் வண்டிச் சத்தமுமாகிவிட்டது. பணம் தெற்கே நகர்ந்தது. தெங்கு, காரீயம், சாராயக் குத்தகை, சட்டத்தொழில், வைத்தியம் என்று பல வழியில் சம்பாதித்தவர்கள் இங்கே வீடு கட்டினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்' வார்ட் பிளேஸில் இருந்தது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக 1919இல் வந்த அவருடைய தம்பி அருணாசலம் ஹோர்ட்டன் பிளேஸில் இருந்தார்.

ஆகவே இங்கே 'பழைய வீடு' என்றால் பெரும்பாலும் 1870களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்டது. ஒல்லாந்தர் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் புறக்கோட்டைக்குத்தான் போக வேண்டும்.

எந்த நாள், எத்தனை மணி

ஞாயிறு காலை. ஏழு மணிக்குத் தொடங்கினால் வீதிகள் வெறிச்சோடி இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, ஒன்பது மணி தாண்டி நூதனசாலை வாசலுக்கு வந்து சேரலாம். வார நாளில் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் இந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள். பெரிய பள்ளிக்கூடங்கள் பல இங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான்கள் நடைபாதை வரை வந்து நிற்கும். போயா நாளில் பல இடங்கள் மூடியிருக்கும்.

ஒக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருந்துவிட்டுப் பின்னேரம் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் மத்தியானத்துக்குள் முடித்துவிடுங்கள். குடை, தண்ணீர்ப் போத்தல், தேசிய அடையாள அட்டை, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். அடையாள அட்டை இரண்டு விதத்தில் உதவும். நூதனசாலையில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. இன்னொன்று, அமைச்சர்மார், தூதரகங்கள் இருக்கிற வீதியில் யாராவது 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்டால் பேச்சைச் சுருக்கலாம்.

வந்து சேர்வது சுலபம். புறக்கோட்டையிலிருந்து மகரகமைக்குப் போகும் 138 டவுன் ஹோல், பொது நூலகம், பல்கலைக்கழகம், தும்முல்லை என்று இந்தப் பகுதியின் ஒரு ஓரத்தைத் தொட்டபடி போகிறது. டவுன் ஹோலில் இறங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு பெயர்

புதியவர்கள் அதிகம் திண்டாடுவது இதில்தான். பலகையில் ஒரு பெயர் இருக்கும், ஓட்டோக்காரர் வாயில் வேறொன்று வரும். வயதானவர் யாரிடமாவது வழி கேட்டால் அவர் 1950இல் நின்றுகொண்டுதான் பதில் சொல்வார்.

சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டரட் வீதி என்றால் இன்றைய தர்மபால மாவத்தை. புல்லர்ஸ் வீதி, பௌத்தாலோக மாவத்தை. தேர்ஸ்டன் வீதி, குமாரதுங்க முனிதாச மாவத்தை. ரீட் அவென்யூ, பிலிப் குணவர்தன மாவத்தை. ஃபிளவர் வீதி, சேர் ஏர்னஸ்ட் டி சில்வா மாவத்தை. மக்கார்த்தி வீதி, விஜேராம மாவத்தை. டொறிங்டன் சதுக்கம்தான் சுதந்திர சதுக்கம். கிறீன் பாத் என்று சொன்னால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கலை வரலாறு எழுதி உலகப் பெயர் பெற்ற அந்தக் குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமியின் மகன். சொந்தக்காரப் பெயர்கள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பெயர் மாறாமல் தப்பிய வீதிகளில் ஆளுநர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பார்ன்ஸ், கண்டி வீதியைப் போட்டவர். ஹோர்ட்டன் காலத்தில்தான் கறுவாத் தனியுரிமை நீங்கியது. றொஸ்மீட் என்பது ஹேர்குலிஸ் றொபின்சனுக்குப் பின்னால் கிடைத்த பிரபுப் பட்டம். வார்ட் 1855 முதல் 1860 வரை இங்கே ஆண்டுவிட்டுச் சென்னைக்கு ஆளுநராகப் போனார். போன சில வாரங்களில் வாந்திபேதியில் இறந்துபோனார். வார்ட் பிளேஸ், றொஸ்மீட் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், கிரகரிஸ் வீதி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே பொரளைப் பக்கம் ஓடுகின்றன. இந்த ஐந்து கோட்டையும் மனதில் வரைந்துகொண்டால் தொலைந்துபோக மாட்டீர்கள்.

ஒரு வீட்டைப் பார்க்கும் வரிசை

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. தேவையும் இல்லை. கேற் திறந்திருந்தால் அந்த இடைவெளியில் தெரிவதே போதும், மூடியிருந்தால் கூரை தெரியும்.

முதலில் கேற் எத்தனை என்று எண்ணுங்கள். பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு. ஒன்றால் குதிரை வண்டி உள்ளே வரும், போர்ட்டிக்கோவில் ஆளை இறக்கும், அரை வட்டமாகச் சுற்றி மற்றதால் வெளியேறும். பின்னால் வளவைப் பிரித்து விற்றவர்கள் ஒரு கேற்றை அடைத்துவிட்டார்கள். அடைத்த இடத்தில் மதிலின் பூச்சு நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்த வீடு ஒரு காலத்தில் இரண்டு மடங்கு நிலத்தில் நின்றது என்று தைரியமாக ஊகிக்கலாம்.

அடுத்தது பெயர். அந்தக் காலத்து வீட்டுக்கு இலக்கத்தைவிடப் பெயர்தான் அடையாளம். ஒரு பக்கம் சுகஸ்தான், சிறிமதிபாய என்று சமஸ்கிருத மணம். மறுபக்கம் டின்டாஜல், பிரேமார் என்று இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்கள். பெரிய குடும்ப வீட்டைச் சிங்களத்தில் 'வளவ்வ' என்பார்கள். யாழ்ப்பாணத்துக் காதுக்கு நம் 'வளவு' போலவே கேட்கும். நமக்கு அது வீட்டைச் சுற்றிய நிலம், அவர்களுக்கு அந்த வீடே.

மூன்றாவது போர்ட்டிக்கோ. அதன் உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். காருக்கு இவ்வளவு பெரிதாகத் தேவையே இல்லை. அது குதிரையையும் வண்டியையும் சேர்த்து மழையில் நனையாமல் நிறுத்தக் கட்டியது. போர்ட்டிக்கோ சின்னதாகவும் தட்டையான கொங்கிரீட்டாகவும் இருந்தால் வீடு கார் வந்த பிறகு கட்டியது என்று கொள்ளலாம்.

பிறகு கூரை. அரைவட்டப் பீலி ஓடா, தட்டையான கள்ளிக்கோட்டை ஓடா? இறவாணம் எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? கொழும்பு மழைக்கு நீளமான இறவாணம் இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. இறவாண ஓரத்தில் கொடி, பூ என்று குடைந்த மரப்பலகை தொங்கினால் அது அநேகமாக 19ஆம் நூற்றாண்டின் கடைசி, அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது. மூலைகள் வளைந்து, சுவரில் கிடைக்கோடுகள் ஓடி, கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னல் வைத்து, கூரையே தெரியாதபடி கைப்பிடிச் சுவர் எழுப்பியிருந்தால் 1930கள், 40களின் 'ஆர்ட் டெக்கோ' பாணி. எனக்கு இவற்றின் மேல்தான் பிரியம் அதிகம். யாரும் பெரிதாகக் கவனிக்காமல், யாரும் படம் எடுக்காமல், ஒரு பல் வைத்தியரின் பலகையைச் சுமந்துகொண்டு நிற்கும்.

கடைசியாக விறாந்தை. தூண்கள் கல்லா, மரமா, பூச்சா என்று பாருங்கள். பழைய சாய்கதிரை ஒன்று இன்னும் போட்டிருந்தால் அங்கே குடும்பம் இருக்கிறது. கண்ணாடி அடைத்துக் குளிரூட்டி பொருத்தியிருந்தால் அலுவலகம்.

இனி நடக்கலாம்

லிப்டன் சுற்றுவட்டத்தில் தொடங்குங்கள். டவுன் ஹோல் நிறுத்தத்திலிருந்து இரண்டு நிமிடம். இதற்கும் இரண்டு பெயர் உண்டு; உத்தியோகபூர்வமாக டி சொய்சா சுற்றுவட்டம். சிலையாக நிற்பவர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா. 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசருக்குத் தன் வீட்டில் விருந்து வைத்தவர், 1879இல் திறந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடை கொடுத்தவர்.

இந்த வட்டத்தில் ஒரே இடத்தில் நின்று மெதுவாகச் சுழன்று பாருங்கள். வெள்ளையாகத் தெவட்டகஹ பள்ளிவாசல். செந்நிறமாக, வளைவுகளோடு விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம். எட்வர்ட் ஸ்கின்னர் வடிவமைத்தது, 1900களின் தொடக்கம், இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டடத்தோடு கலந்த இந்தோ-சரசனிக் பாணி. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் சின்னத் தங்கையைப் பார்த்ததுபோல் இருக்கும். இன்னொரு பக்கம் கறுவாத்தோட்ட பப்டிஸ்ட் தேவாலயம். வாகனம் நாலா பக்கமும் வருவதால் நடைபாதையில் நின்றே சுழலுங்கள்.

இங்கிருந்து வார்ட் பிளேஸில் கிழக்கே. ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் வைத்திய நிலையங்களும் இந்த வீதியின் பாதியைத் தின்றுவிட்டன. உண்மையைச் சொன்னால் வீடு பார்க்க இது சுமார்தான். முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் 'பிரேமார்' 66ஆம் இலக்கம். அதைத் தாண்டித் தெற்கே திரும்பி றொஸ்மீட் பிளேஸுக்கு வந்துவிடுங்கள்.

இங்கே கொஞ்சம் நேரம் எடுங்கள். 65ஆம் இலக்கம், டின்டாஜல். 1930இல் லூசியன் டி சில்வா என்ற வைத்தியர் கட்டியது, பிறகு பண்டாரநாயக்க குடும்பத்திடம் வந்தது. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்க இந்த வீட்டு விறாந்தையில்தான் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்டவர் பௌத்த பிக்கு. பிரதமரைப் பார்க்க யாரும் காலையில் கேற்றைத் தாண்டி வந்து விறாந்தையில் உட்காரலாம் என்றிருந்த காலம் அது. வந்தவர் பிக்கு என்றால் பிரதமரே எழுந்து வணங்குவார். அடுத்த வருடம் அவருடைய மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார், 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானார். இப்போது இது ஹோட்டல். உள்ளே ஒரு கோப்பி குடிக்க வசதி இருந்தால் விறாந்தையைக் கடந்து போகலாம். இல்லாவிட்டால் வெளியே நின்று அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு சில எட்டு.

நாட்டில் நடந்த மற்றதும் இந்த வீதிகளுக்கு வெளியே நிற்கவில்லை. 1983 ஜூலையில் பொரளைப் பக்கமிருந்து கிளம்பிய தீ கறுவாத்தோட்டத்தையும் தொட்டது. தமிழர் வீடுகள் எரிந்தன. அதற்கெல்லாம் பலகை கிடையாது. அதன்பின் வந்த யுத்த வருடங்களில் மதில்கள் இன்னும் உயர்ந்தன.

பார்ன்ஸ் பிளேஸில் ஒரே ஒரு இடம், ஆனால் தவறவிடக் கூடாதது: சபுமல் மன்றம். 1943இல் கொழும்பில் உருவான '43 குழு' ஓவியர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த தாழ்ந்த ஓட்டுக்கூரை வீடு. பாதி திறந்த அறைகள், பழைய தளபாடங்கள், சுவரெங்கும் அந்தக் குழுவினரின் ஓவியங்கள். கொழும்பு 7இல் ஒரு பழைய வீட்டுக்குள் அந்நியராக இல்லாமல் நடந்து பார்க்கக் கிடைப்பது அபூர்வம். இது அப்படி ஒன்று. வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டும் திறப்பார்கள். முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். தேவையானால் இதற்காகவே உங்கள் நடையை வேறு நாளுக்கு மாற்றுங்கள், நஷ்டமில்லை.

ஹோர்ட்டன் பிளேஸ் வழியாக மேற்கே திரும்பினால் டவுன் ஹோல் பக்கம் மீண்டும் வருவீர்கள். வெள்ளைக் குவிமாடமும் தூண்களுமாக நிற்கும் நகர மண்டபம் 1928இல் திறந்தது. அதற்கு முன் மாநகர சபை புறக்கோட்டையில் 1873இல் கட்டிய மண்டபத்தில் இருந்தது. நகரம் பெருத்ததும் அது போதவில்லை. கட்டடத்தை அருகில் நின்று பார்ப்பதைவிட எதிரே விகாரமகாதேவி பூங்காவுக்குள் நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஒரு காலத்தில் இது விக்டோரியா பூங்கா. துட்டகைமுனு மன்னனின் தாய் பெயரை 1958இல் வைத்தார்கள். மரங்களில் கறுப்புக் குடை போலத் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். அடியில் நிற்காதீர்கள்.

நூதனசாலை

பூங்காவைக் குறுக்காகக் கடந்தால் தேசிய நூதனசாலை. இரண்டு பக்கமும் விரிந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரங்கள், புல்வெளியில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் சிலை. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தார்கள். வடிவமைத்தவர் பொதுவேலைத் திணைக்களத்து ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் கிரகரி என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். வாப்பிச்சி மரிக்கார் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அப்படியே நெடுங்காலம் மூடினார்கள் என்று கதை சொல்வார்கள்.

உள்ளே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் கால் கழன்றுவிடும். மூன்று பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்று, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட விஷ்ணுவுக்கு. 1911இல் காலியில் இது கண்டெடுக்கப்பட்டபோது வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. எழுத்துத் தேய்ந்திருக்கிறது, கொஞ்சம் சாய்வான வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்த்தால் தமிழ் எழுத்துகளை இனம் காணலாம். சீன அரசர் அனுப்பிய கல்லில் தமிழைக் கண்டால் கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். இதுவரை அது தவறியதில்லை.

இரண்டு, பொலன்னறுவைச் சைவ வெண்கலங்கள். மூன்று, கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் பரிசாகக் கொடுத்தது. 1815க்குப் பின் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. கடைசியாக அதில் இருந்தவர் நாயக்கர் வம்சத்து சிறீ விக்கிரமராஜசிங்கன். வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். சிம்மாசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடையின் முடிவில் தேவைப்படும்.

தேர்ஸ்டன் வீதி, ரேஸ் கோர்ஸ்

நூதனசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையான கில்ட்போர்ட் கிறசன்டில் லயனல் வென்ட் அரங்கு. புகைப்படக் கலைஞர், பியானோ வாசித்தவர், 43 குழுவை ஒன்றுசேர்த்தவர், 1944இல் இறந்தார். அவர் வீடு நின்ற நிலத்தில் எழுந்த அரங்கு 1953இல் திறந்தது. மாலையில் நாடகம் இருக்கிறதா என்று வாசல் பலகையைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகத்தின் 'கொலிஜ் ஹவுஸ்' 1912இல் ரெஜினா வளவ்வ என்ற பெயரில் எழுந்த மாளிகை. கட்டியவர் டி சொய்சா குடும்பத்து ஆர்தர், பெயர் மனைவியுடையது. 1920இல் அரசு வாங்கியது, அடுத்த வருடம் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. கேற்றிலிருந்தே நன்றாகத் தெரியும். ஒரு முழு வளவ்வையை மதில் மறைக்காமல் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் இது முதலாவது.

ரீட் அவென்யூவைத் தாண்டினால் ரேஸ் கோர்ஸ். 1893 முதல் குதிரை ஓடிய மைதானம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இந்தப் புல்வெளியிலிருந்து பிரித்தானிய 258ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பின. குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. பார்வையாளர் மண்டபம் இன்று கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. கழிவறை தேடுபவர்கள் இங்கேயே போய்விடுங்கள்.

படம் எடுப்பது பற்றி

நூதனசாலை வெளிப்புறம், பூங்கா, நகர மண்டபம், சுதந்திர சதுக்கம், எதிலும் பிரச்சினை இல்லை. தூதரகம், அமைச்சர் வீடு, முன்னாள் ஜனாதிபதிமார் 2025 வரை இருந்த விஜேராம மாவத்தைப் பக்கம், ஃபிளவர் வீதியில் பிரதமர் அலுவலகமாக இருக்கும் சிறிமதிபாய, இவற்றின் முன்னால் கைபேசியைத் தூக்காதீர்கள். நான் ஒருமுறை மதிலுக்கு வெளியே வளைந்திருந்த ஒரு மாரா மரத்தைத்தான் எடுத்தேன். பின்னால் யாருடைய வீடு என்று கவனிக்கவில்லை. காவலாளி வந்து படத்தை அழிக்கச் சொன்னார், அழித்தேன், குப்பைத் தொட்டிக் கோப்புறையிலிருந்தும் அழிக்கச் சொன்னார். விவரமான மனிதர். வாக்குவாதம் வேண்டாம். சிங்களம் தெரியாவிட்டால் சிரித்து, 'சொரி' சொல்லி, நகர்ந்துவிடுங்கள்.

தனியார் வீடென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். காலையில் முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கும் முதியவர்கள் பல பேர் கேட்டதும் சம்மதிப்பார்கள், அதோடு வீட்டின் கதையையும் சொல்லுவார்கள். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

சுதந்திர சதுக்கம்

நடை இங்கே முடிகிறது. 1948 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் நாடாளுமன்றத்தைக் குளொஸ்டர் கோமகன் திறந்து வைத்த சதுக்கம். அதன் நினைவாகக் கட்டிய மண்டபம் கண்டி அரசர்களின் மகுல் மடுவ என்ற சபா மண்டபத்தைப் பார்த்துச் செய்தது. அது மரத்தால் ஆனது, இது மரம்போலச் செதுக்கிய கொங்கிரீட். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து, நூதனசாலையில் பார்த்த அந்தச் சிம்மாசனத்துக்கு உரியவரை நீக்கியது அதே மகுல் மடுவவில்தான். சுதந்திரம் போன மண்டபத்தின் அச்சைச் சுதந்திரம் வந்ததற்கு எடுத்திருக்கிறார்கள். திட்டமிட்டுத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சற்றுத் தள்ளி ஆர்கேட் என்று அழைக்கப்படும் நீளமான வெள்ளைக் கடைத்தொகுதி, 1880களில் மனநோய் மருத்துவமனையாகக் கட்டியது. பிறகு அரசாங்க அலுவலகமாக இருந்து 2014இல் கடைகளாகத் திறந்தது. நீண்ட விறாந்தைகள் அப்படியே இருக்கின்றன. சாமான் விலை அதிகம். விறாந்தையில் நடக்கக் காசில்லை.

சுதந்திர மண்டபத்துக்கு மதிலும் இல்லை, சுவரும் இல்லை. தூண்கள் மட்டும். சுற்றி ஓடுபவர்கள், சைக்கிள் விடும் பிள்ளைகள், மூலைக்கு மூலை சோடிகள், கல்யாண உடையில் படம் எடுக்க வந்தவர்கள். அடித்தளத்தில் வரிசையாக நிற்கும் கல் சிங்கங்களுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்காருங்கள், காலணியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். திரும்பிப் போக 138 வேண்டுமென்றால் ரீட் அவென்யூவுக்கு நடக்க வேண்டும். ஓட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே மீற்றர் போடச் சொல்லிவிடுங்கள். கொழும்பு 7இல் கைகாட்டுபவர் எல்லோரும் கொழும்பு 7காரர் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.